காட்டுக்கொட்டாய் வரை ஒரு கண்ணாடி இழை



இந்த மேடையில் வழக்கமாகக் கம்பனைப் பேசுவார்கள், வள்ளுவரைப் பேசுவார்கள். இன்றைக்கு ஒரு கேபிள்காரனை ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். 1994-ல் ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மொட்டை மாடியில் டிஷ் வைத்து, தென்னைக்குத் தென்னை கறுப்பு ஒயர் கட்டித் தொழிலைத் தொடங்கியவன் நான். இப்போது அதே ஊரில் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன். வீட்டுக்கு வீடு ஃபைபர் என்கிறோமே, அதற்கு ஏன் இவ்வளவு செலவு? ஏன் இவ்வளவு தாமதம்? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரு முட்டை கொண்டுவந்திருக்கிறேன். (கையில் எடுத்துக் காட்டுகிறார்.) நாமக்கல்லில் முட்டையைக் காட்டிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், மன்னிக்க வேண்டும். இதன் எடை என்ன? ஐம்பது, ஐம்பத்தைந்து கிராம். சரி. ஃபைபர் கேபிளுக்குள்ளே இருக்கிற கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. மேலே பூசியிருக்கும் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வெறும் கண்ணாடியை மட்டும் எடை போட்டால், ஒரு கிலோமீட்டர் இழை 27 கிராம்தான் வரும். இந்த முட்டையை ஒரு தட்டிலும் கண்ணாடி இழையை மறு தட்டிலும் வைத்தால், தராசு நேராக நிற்கும்போது அந்தத் தட்டில் இரண்டு கிலோமீட்டர் இழை இருக்கும்!

விலை? ஒரு கிலோமீட்டர் வெற்றிழை அண்மைக்காலம் வரை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. ஒரு நாட்டுக்கோழி வாங்கும் காசு. 1966-ல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, கண்ணாடியைப் போதுமான அளவு சுத்தமாக உருக்கினால் அதற்குள் ஒளியை வெகுதூரம் அனுப்பிப் பேசலாம் என்று எழுதினார். அப்போது அது காகிதக் கணக்கு. 2009-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் எழுதியது இன்றைக்கு மண்ணில் கிடக்கிற மலிவுச் சரக்காகிவிட்டது.

அப்படியானால் செலவு எங்கே இருக்கிறது? இழை கோழி விலை என்றால், ஊருக்கு ஃபைபர் கொண்டுவர லட்சக்கணக்கில் ஏன் ஆகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்திலேயே தகுதியான ஊர் திருச்செங்கோடு. ஏனென்றால் மண்ணுக்கு விலை உண்டு என்பதும், அந்த விலை அடிக்கு அடி மாறும் என்பதும் தெரிந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை, ஆப்பிரிக்கா வரை போய்த் துளை போட்டிருக்கிறது. போர் போட வருகிறவர் முதலில் என்ன கேட்பார்? "எத்தனை அடிங்க?" அடுத்து, "மேல எவ்வளவு தூரம் மண்ணு, எங்கருந்து பாறை?" ஃபைபர் போடுகிறவனும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறான். அவர்கள் செங்குத்தாகக் கேட்பதை நாங்கள் படுக்கைவாக்கில் கேட்கிறோம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் சாலையோரம் கேபிள் புதைக்க வழக்கமாகச் சொல்லும் ஆழம் 1.65 மீட்டர். ஐந்தரை அடி. நான் நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். தஞ்சாவூர் வண்டல் என்றால் மண்வெட்டியே போதும். நம் சேலம், நாமக்கல் சமவெளியில்? மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே சுக்கான்கல், அதற்கும் கீழே கருங்கல். நாமக்கல் கோட்டை நிற்கிற பாறை கோட்டைக்கு அடியில் மட்டும் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? அது ஊருக்குள் வந்து, சாலையைத் தாண்டி, நம் வீட்டுக் கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். ஒரு நாளைக்கு முந்நூறு மீட்டர் குழி தோண்டுகிற ஆட்களே பாறையில் மாட்டினால் முப்பது மீட்டர்கூடத் தாண்ட மாட்டார்கள்.

சாலையைத் தோண்டாமல் குறுக்கே போக வேண்டுமானால் ஹெச்.டி.டி. என்று ஒரு இயந்திரம் உண்டு. ஒரு பக்கம் நுழைந்து, தரைக்கு அடியிலேயே துளைத்து, மறு பக்கம் தலையை நீட்டும். ரிக் வண்டியைப் படுக்கப்போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை வந்தால் அதற்கும் தலை தேயும், தேய்கிற ஒவ்வொரு தலைக்கும் பில் வரும். உலகம் முழுக்கவே ஃபைபர் வலையமைப்பில் செலவாகிற பணத்தில் பாதிக்கு மேல், பல இடங்களில் முக்கால் பங்கு வரை, இந்த மண்வேலைக்கே போகிறது. ஃபைபர் தொழில் என்று பெயர்தான் நாகரிகம். செய்வது வாய்க்கால் வெட்டுகிற வேலை.

மண் மட்டும் என்றால் பரவாயில்லை. மண்ணுக்கு மேலே காகிதம் இருக்கிறதே!

எங்கள் ஊருக்கு ஃபைபர் வருகிற பாதையைச் சொல்கிறேன், கூடவே விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐக் கடக்க வேண்டும். அது ஒரு ஆணையம். அடுத்து சேலம் – கரூர் ரயில் பாதை, 2013-ல் வண்டி ஓட ஆரம்பித்ததே, அது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு குழாய் போவதற்கு ரயில்வேயின் அனுமதி வேண்டும். பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை. அப்புறம் ஊராட்சி ஒன்றியச் சாலை. கடைசியில் ஊராட்சித் தெரு. நடுவில் ஓடை வந்தால் நீர்வளத் துறை. ஒன்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு அலுவலகம். ஒவ்வொன்றிலும் ஒரு விண்ணப்பம், ஒரு வரைபடம், ஒரு வைப்புத்தொகை, ஒரு "சார் சைட்டுக்குப் போயிருக்கார்". சாலையைத் தோண்டினால் திரும்பப் போடுவதற்கு வசூலிக்கிறார்களே, அந்தக் கட்டணம் சில இடங்களில் கேபிள் விலையையே விழுங்கிவிடும்.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? தெரியும். 2016-ல் மத்திய அரசு வழியுரிமை விதிகள் கொண்டுவந்தது. விண்ணப்பம் போட்ட 60 நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே பொருள் என்று அதில் எழுதியிருந்தது. பிறகு திருத்தினார்கள். புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் புது விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நல்ல விதிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கெடு முடிந்த மறுநாள் காலையில், "பதில் வரவில்லை, ஆகவே அனுமதி" என்று தாளை நீட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஜேசிபியை இறக்குகிற தைரியம் இந்த அரங்கில் யாருக்கு உண்டு? எனக்கு இல்லை.

மண்ணும் காகிதமும் இப்படிப் படுத்தினால் மனிதன் என்ன செய்வான்? மேலே பார்ப்பான். மேலே என்ன இருக்கிறது? கரண்ட் கம்பம்!

தமிழ்நாடு அரசு அதைத்தான் செய்தது. 2018-ல் டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை இங்கே நடத்துவது இந்த நிறுவனம்தான். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இணைப்பு, மதிப்பீடு சுமார் 1,815 கோடி ரூபாய். பெரும்பகுதிக் கேபிளை மின்கம்பங்கள் மீதும், எஞ்சியதைப் பூமிக்கடியிலும் கொண்டுபோவது என்று திட்டம். வகுத்துப் பாருங்கள். ஊராட்சிக்குச் சராசரி 14.5 லட்சம் வருகிறது. திட்டம் போட்டபோது சேலம் மாவட்டத்தில் 385 ஊராட்சி, நாமக்கல்லில் 322. ஆக 707. சராசரிக் கணக்கில் நம் இரண்டு மாவட்டத்துக்கு மட்டும் 100 கோடியைத் தாண்டும். பூமிக்கடியிலேயே முழுக்கப் போயிருந்தால் இந்தத் தொகை போதியிருக்காது, அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டிருக்கும்.

கம்பம் மலிவு. உண்மை. ஆனால் கம்பத்துக்கு எதிரிகள் அதிகம். யார் யார்? நான் பார்த்தவர்களைச் சொல்கிறேன். மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற லாரி ஒன்று. அறுவடை முடிந்ததும் வைக்கோல் ஏற்றிவருகிற வண்டி இரண்டு. பாடி கட்டுவதற்காகப் புதுச் சேஸிஸை ஓட்டிவந்து, பாடி கட்டிய பிறகு உயரம் மறந்து அதே சந்தில் திரும்பிப் போகிற டிரைவர் மூன்று. நான்காவது, அணில். 2021-ல் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று மின்துறை அமைச்சர் சொன்னபோது தமிழ்நாடே சிரித்தது. கேபிள்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அணில் கடித்த டிராப் கேபிளை ஏணி மேல் நின்று கையில் பிடித்துப் பார்த்தவர்கள் நாங்கள்.

பூமிக்கடியில் போனால் நிம்மதியா? அங்கே ஜேசிபி இருக்கிறது. தோண்டுவதற்கு முன்னால் அடியில் என்ன போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியே வெளியிட்டது. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்த தம்பி ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அண்ணே, ஒயர் வந்தா பக்கெட்ல மாட்டும்ல, அப்பத் தெரிஞ்சிரும்ணே" என்றார்.

சிரிக்கிறீர்கள். அன்று ராத்திரி நான் சிரிக்கவில்லை.

அந்த ராத்திரியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இந்த வேலை ஒரு வரிக்கு மேல் இருக்காது. மாலை ஆறு மணிக்குக் கேபிள் அறுந்தது. ஆறு ஐந்துக்கு போன் ஆரம்பித்தது. "அண்ணே, சிவப்பு லைட் எரியுதுண்ணே." வீட்டு மோடத்தில் ஒளி வராவிட்டால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அந்த நேரத்தில் ஒருத்தருக்கு வேலை இன்டர்வியூ, ஒரு கோழிப்பண்ணையில் சிசிடிவி, ஒரு லாரி ஆபீஸில் ஈ-வே பில். வண்டி லோடு ஏற்றி நிற்கிறது, பில் இல்லாமல் கிளம்ப முடியாது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

பள்ளத்துக்குள் சேறு. கேபிளில் 24 இழை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வண்டியின் பின்பக்கக் கதவை இறக்கி அதை மேசையாக்கி, மேலே தார்ப்பாய் கட்டினோம். காற்றில் ஒரு தூசி வந்தால் போச்சு. என்னிடம் வேலை செய்யும் பையன் ஒவ்வொரு இழையாக எடுத்தான். மேல் பூச்சை உரித்தான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தான், கண்ணாடி சுத்தமானால் 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்கும். கிளீவரில் வைத்து முனையை நேராக வெட்டினான். ஸ்ப்ளைசிங் மிஷினில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தால், திரையில் இரண்டு தூண்கள் மாதிரி பெரிதாகத் தெரியும். ஒளி போகிற நடுப்பகுதி 9 மைக்ரான்தான். இரண்டு தூணும் நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். பட்டனை அமுக்கினால் ஒரு மின்பொறி, கண்ணாடி உருகி ஒன்றாகும். இழப்பு 0.02 என்று எண் வரும். 0.1-க்கு மேல் வந்தால் வெட்டிவிட்டு மறுபடியும் ஆரம்பம். இப்படி 24 தடவை. அறுந்த இடத்தில் கேபிள் நீளம் போதாததால் நடுவில் ஒரு துண்டு போட்டோம், ஆகவே 48 தடவை. முடித்தபோது விடிகாலை மூன்றரை. ஸ்ப்ளைசிங் மிஷின் லட்சத்துக்கு மேல், பையன் சம்பளம், வண்டி டீசல், புதுக் கேபிள். கேபிளை அறுத்தவர் யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

நண்பர்களே, இதுவரை சொன்னது எல்லோருக்கும் உள்ள கஷ்டம். கன்னியாகுமரியிலும் உண்டு, கான்சாஸிலும் உண்டு. இனிமேல் சொல்லப்போவது நம்முடைய தனிக் கஷ்டம். நான் இங்கே வந்ததே இதைச் சொல்வதற்குத்தான்.

நாம் எங்கே குடியிருக்கிறோம்? தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஊர் என்றால் தெரு. வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும், ஒரு திண்ணையில் தும்மினால் மூன்றாவது திண்ணையில் 'நூறு' என்பார்கள். வயல் தனி, வீடு தனி. நாம் அப்படியா? நாம் காட்டுக்குள்ளே குடியிருக்கிறவர்கள். தோட்டத்து வீடு. காட்டுக்கொட்டாய். நம் பூமி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கிணறு, அங்கேதான் மாட்டுக்கொட்டகை, அங்கேதான் நாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமானால் தொண்டை போதாது, வண்டி எடுக்க வேண்டும். வாழ்வதற்கு அது சொர்க்கம், ஒயர் இழுக்கிறவனுக்குத்தான் நரகம்.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காக மட்டும், கம்பத்தில் கேபிள் இழுக்க மீட்டருக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன் தெருவில் 400 மீட்டருக்குள் இரண்டு பக்கமும் சேர்த்து 100 வீடு வந்துவிடும். செலவு 16,000. தோட்டத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு 200 மீட்டர். 100 வீட்டைத் தொட 20 கிலோமீட்டர் இழுக்க வேண்டும். செலவு 8 லட்சம். சரி, 100 வீடும் இணைப்பு வாங்குமா? வாங்காது. நாலில் ஒருவர் வாங்குவார் என்று வைப்போம். டவுனில் வாங்குகிற ஒரு வீட்டுக்கு 640 ரூபாய், தோட்டத்தில் வாங்குகிற ஒரு வீட்டுக்கு 32,000 ரூபாய். மாதச் சந்தா 400, அதில் பாதி என் கைக்கு வருகிறது என்றால், டவுனில் போட்ட காசை நாலாவது மாதத்தில் எடுத்துவிடுவேன். தோட்டத்தில் போட்ட காசை எடுக்க 160 மாதம். பதின்மூன்று வருஷம், நாலு மாதம்! அதற்குள் அணிலுக்குப் பேரன் பிறந்துவிடும்.

இந்தக் கணக்கு எந்தக் கம்பெனிக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் டவுனில் ஒரே கம்பத்தில் நாலு கம்பெனிக் கேபிள் நூடுல்ஸ் மாதிரித் தொங்குகிறது, தோட்டத்துக் கம்பம் வெறுமையாக நிற்கிறது. அவர்களை நான் திட்ட மாட்டேன். நானும் வியாபாரிதான், நானும் முதலில் தெருவுக்குத்தான் இழுத்தேன்.

அப்படியானால் அரசாங்கத் திட்டங்கள் என்ன செய்தன? கொஞ்சம் பின்னால் போவோம். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தது. நாட்டின் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர். மதிப்பீடு சுமார் 20,000 கோடி. கெடு? இரண்டே வருஷம். 2015-ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வந்தது. முதல் ஒரு லட்சம் ஊராட்சி முடிந்ததாக அறிவித்தது 2017 டிசம்பரில். அந்த ஆண்டு மதிப்பீடு 42,068 கோடி. 2023 ஆகஸ்டில் மறுபடியும் திருத்தினார்கள், 1,39,579 கோடி! இருபதாயிரம் எங்கே, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் எங்கே?

ஊழல், மெத்தனம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. தமிழ்நாட்டுக் கதையிலும் அந்தக் குரல் எழுந்தது. 2019 டிசம்பரில் விட்ட டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று புகார் போனது, 2020-ல் மத்திய அரசு அந்த டெண்டரையே ரத்து செய்யச் சொன்னது. மறு டெண்டர் விட்டு, 2022 ஜூனில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை தொடங்கியது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்னவென்றால், முதலில் போட்ட கணக்கே அரைக் கணக்கு. கேபிளைப் போடும் செலவைக் கணக்கு வைத்தார்கள், போட்ட கேபிளைப் பத்து வருஷம் கட்டிக்காக்கிற செலவைக் கணக்கு வைக்கவில்லை. ஒரே வரிசையாக இழுத்தார்கள். ஏரிக்கு ஒரே வாய்க்கால் மாதிரி, நடுவில் எங்கே உடைந்தாலும் கடைமடை காய்ந்தது. 2023 திட்டத்தில் பராமரிப்பையும் சேர்த்தார்கள், இரண்டு பக்கமும் வழி வருகிற வளையமாக மாற்றச் சொன்னார்கள். அதனால்தான் தொகை ஏறியது. ஏறியது என்பதைவிட, உண்மை விலை வெளியே வந்தது என்று சொல்வேன்.

இன்னும் ஒன்று. முதல் திட்டம் எங்கே போய் நின்றது? ஊராட்சி அலுவலகத்தில். வீட்டில் அல்ல. நான் பார்த்த ஒரு அலுவலகத்தில், ஊர் பேர் வேண்டாம், சுவரில் அழகான பெட்டி. உள்ளே கருவி. கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி செத்து எத்தனை மாதமோ. பெட்டி மேல் வாக்காளர் பட்டியல் கட்டு. அங்கிருந்து முக்கால் கிலோமீட்டரில் 12,000 கோழி வைத்திருக்கிற பண்ணை, அதன் முதலாளி முட்டை விலை பார்ப்பதற்கு மொபைலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுகிறார். ஊராட்சிக்கு ஒரு 14.5 லட்சம் செலவழித்தோம் அல்லவா? அது வாசற்படி வரைக்கும்தான். இந்த முக்கால் கிலோமீட்டர் யார் கணக்கு? அரசுக் கணக்கிலும் இல்லை, கம்பெனிக் கணக்கிலும் இல்லை. அது என் கணக்காகவும் முடியாது, பதின்மூன்று வருஷம் நான் காத்திருக்க முடியாது.

"ஏனுங்க, இதுக்குப் போய் ஒயர் எதுக்கு? காத்துலயே வருதே, 5ஜி இருக்கே, இனிமே சாட்டிலைட்டே வருதாமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆள் குறைந்த மலைக்குச் சாட்டிலைட் நல்லதுதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி, வளப்பூர் நாட்டுக்கும் வாழவந்தி நாட்டுக்கும் கேபிள் இழுப்பதை விட அது மலிவாகவும் இருக்கலாம். ஆனால் செல்போன் டவர் எதைக் குடித்து உயிர் வாழ்கிறது? நல்ல வேகம் தருகிற டவரின் காலடியில் தோண்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஃபைபர் இருக்கும். இல்லாத டவரில் கோடு நாலு காட்டும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டம் ஏறினால் பஸ் திணறுகிற மாதிரி, சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே படம் பார்த்தால் காற்றும் திணறும்.

நமக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் நிறுவனம் 2012-ல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் வீட்டுக்கு வீடு ஃபைபர் கொடுக்க இறங்கியது. அவர்களிடம் இல்லாத பணமா? 2016-ல் புது ஊர்களுக்குப் போவதை நிறுத்திவைத்தார்கள். லூயிவில் என்ற ஊரில் செலவைக் குறைக்கச் சாலையை இரண்டு அங்குலம் மட்டும் கீறிக் கேபிளைப் புதைத்தார்கள். நாம் ஐந்தரை அடி, அவர்கள் இரண்டு அங்குலம்! கேபிள் சாலைக்கு மேலே எழும்பி வந்தது. 2019-ல் ஊரையே விட்டுக் கிளம்பினார்கள், சாலையைச் சரிசெய்ய நகராட்சிக்கு 38 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு. மண்ணை ஏமாற்றப் பார்த்தால் கூகுளையும் மண் விடாது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷயர் கிராமங்களில் வேறொன்று நடந்தது. அங்கேயும் நம்மைப் போலத்தான், வீடு எல்லாம் பண்ணைக்குள்ளே தூரம் தூரமாக. எந்தக் கம்பெனியும் வரவில்லை. 2011-ல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு 'பார்ன்' என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். குடியானவர்கள் தங்கள் டிராக்டரைக் கொண்டுவந்து தங்கள் வயலில் தாங்களே குழி எடுத்தார்கள். வழிக்கு வாடகை கேட்கவில்லை. சாலையோரம் தோண்டாமல் வயல் நடுவே போனதால் சாலைக் கட்டணமும் பெரும்பாலும் இல்லை. வீட்டுக்கு விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகம் கொடுத்தார்கள், லண்டனில் பல வீடுகளுக்கு அப்போது அது கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இந்த வேலை நமக்குப் புதிதா? ஏரி தூர்வாரியது யார், கோயில் தேருக்கு வடம் பிடிப்பது யார்? நம்மிடம் டிராக்டர் இல்லையா? கரண்ட் எப்படி நம் கிணற்றுக்கு வந்தது? மோட்டருக்கு எழுதிப்போட்டு, "எத்தனை கம்பம் நடணும்" என்று எண்ணி, அரசு ஒரு பங்கு, நாம் ஒரு பங்கு என்றுதானே வந்தது? எந்த வியாபாரியும் லாபம் பார்த்துத் தோட்டத்துக்குக் கம்பம் நடவில்லை. ஃபைபருக்கும் அதே கணக்குதான் சரி என்கிறேன். தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவைக்கென்று ஒரு நிதிக்குக் கட்டுகின்றன. 2002 முதல் இருக்கிறது, இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அது நம் பில்லில் இருந்து போகிற பணம். பாரத்நெட்டுக்குச் செலவாவதும் அதிலிருந்துதான். அந்தப் பணம் ஊராட்சி அலுவலகப் படியில் நிற்காமல், கடைசி முக்கால் கிலோமீட்டருக்கு, வீட்டுக்கு இவ்வளவு என்று வரட்டும். குழியும் கம்பமும் வழியும் நாம் தருவோம். கட்டிக்காக்கிற வேலையை ஊரில் இருக்கிற கேபிள்காரனிடம் எழுதிக் கொடுங்கள். ராத்திரி மூன்றரை மணிக்குப் பள்ளத்தில் இறங்க டெல்லியிலிருந்து ஆள் வர மாட்டார்.

நாம் தருவோம் என்று நான் சொல்லிவிட்டேன். நாம் தருவோமா? அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்துக்கு இழுக்கப் போனேன். பொண்ணு நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள், பாடம் எல்லாம் ஆன்லைனில். ரோட்டிலிருந்து நேராகப் போனால் 260 மீட்டர், நடுவே பங்காளி காடு. அதன் வரப்போரம் இரண்டு கம்பம் நட்டால் போதும். பங்காளி வந்தார். நாலு தலைமுறையாக நடக்கிற வரப்புத் தகராறு, கோர்ட்டில் இருக்கிறது. "ஒயரு என்ற காட்டு மேல போவக்கூடாது. மேலயும் போவக்கூடாது, அடியிலயும் போவக்கூடாது" என்றார். நிழல் விழலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஓடையைச் சுற்றி, இட்டேரி வழியாக, 610 மீட்டர் இழுத்தேன். அந்தப் பொண்ணோட அப்பா கூடுதல் கம்பத்துக்குத் தென்னங்கட்டை கொடுத்தார், குழியும் அவரே எடுத்தார்.

போன தை மாதம் எனக்கு ஒரு போன். அதே பங்காளி. குரலில் ஒரு நெளிவு. பேரன் காலேஜ் போகிறான், வீட்டில் நெட் வேண்டும். "நேரா ரோட்லருந்து இழுத்துப்போடுங்க தம்பி, நம்ம காடுதானே" என்றார். நேராக இழுக்க அப்போது கையில் கேபிள் இல்லை. ஓடையைச் சுற்றி வந்த அந்த 610 மீட்டர்க் கேபிளின் கடைசிக் கம்பத்தில்தான் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு, வரப்பைத் தாண்டி அவர் வீட்டுக்குக் கொடுத்தேன். பையன் மேலே ஏறிக் கட்டும்போது கம்பத்தின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் இந்தப் பக்கம் நின்றார், ஒருத்தர் அந்தப் பக்கம். பேசிக்கொள்ளவில்லை.